வெள்ளிக்கிழமை வெயில் சாய்வதற்குள்: யூதச் சாரணர் குழுவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

யூதக் குடும்பங்கள் நடத்தும் சாரணர் குழுவோடு முதல்முறையாக முகாமுக்குப் போகப் போகிறீர்களா? மற்ற எதற்கும் முன்னால் ஒரு கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று பாருங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். சூரியன் மறைந்ததும் யூதர்களின் ஓய்வு நாளான ஷபாத் தொடங்கிவிடும், அதற்கு 18 நிமிடம் முன்பே மெழுகுவத்தி ஏற்றியாக வேண்டும். அதற்குள் பிள்ளைகள் கை கால் கழுவி உடை மாற்றியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால் சனிக்கிழமை மதியச் சாப்பாடு வரைக்கும் சமைத்து முடித்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் கூடாரம், விளக்கு, தண்ணீர். இப்படி எண்ணிக்கொண்டே வந்தால் வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பது தானாக வந்து நிற்கும். ஜூன் மாதம் என்றால் பிற்பகலில் கிளம்பலாம். டிசம்பரில் நியூயார்க் பக்கம் 4:30 மணிக்கே சூரியன் மறைந்துவிடுவதால் பள்ளி விட்ட பிறகு கிளம்பவே முடியாது.

நாங்கள் யூதர்கள் இல்லை. நியூ ஜெர்சியில் என் மகன் தன் பள்ளித் தோழனைப் பார்த்துச் சேர்ந்த ட்ரூப் (சாரணர் குழு), யூதர்களின் வழிபாட்டிடமான ஒரு ஜெப ஆலயத்தின் கீழ்த்தளத்தில் கூடும் ட்ரூப்பாக இருந்தது. பெரியவர்கள் துணைக்கு வேண்டும் என்றார்கள், போனேன். அப்படியே பல வருடம் ஓடிவிட்டது. அங்கே கற்றதை, இனி வரும் பெற்றோருக்கும் தன்னார்வலர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

சேரப்போகும் குழு எது?

‘யூதச் சாரணர்’ என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே பல வகை உண்டு. புதிதாக வருபவர்கள் குழம்பும் முதல் இடம் இதுதான்.

அமெரிக்காவில் 1910இல் தொடங்கிய பாய் ஸ்கவுட்ஸ் இயக்கம் 2025இல் ‘ஸ்கவுட்டிங் அமெரிக்கா’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. இதில் ஒவ்வொரு குழுவையும் ஓர் உள்ளூர் அமைப்பு பொறுப்பேற்று நடத்தும். அது பள்ளியாக இருக்கலாம், தேவாலயமாக இருக்கலாம். ஜெப ஆலயமோ யூத சமூக மையமோ பொறுப்பேற்றால் அது யூதக் குழு. சீருடை, சட்டம், தகுதிச் சின்னங்கள் எல்லாம் மற்றக் குழுக்களுக்கு உள்ளவைதான். யூதக் குழுக்களுக்கு வழிகாட்ட 1926 முதல் தேசிய அளவில் ஒரு யூதச் சாரணர் குழுமம் இருக்கிறது. யூதர்கள் இந்த இயக்கத்துக்குப் பிற்பாடு வந்து சேர்ந்த விருந்தாளிகளும் இல்லை. யூதரான மார்டிமர் ஷிஃப் 1931இல் அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் தலைவரானார். பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாமல் இறந்துபோனார். மகன் நினைவாக அவருடைய தாய் வாங்கிக் கொடுத்த நிலம், நியூ ஜெர்சியின் மெண்டமில், பல பத்தாண்டுகள் சாரணத் தலைவர்களுக்கான பயிற்சிக் களமாக இருந்தது.

இஸ்ரேலின் ‘த்சோஃபிம்’ வேறு. 1919இல் தொடங்கியது, ஆரம்பத்திலிருந்தே ஆண் பெண் பிள்ளைகளைச் சேர்த்தே நடத்தும் இயக்கம். அங்கே குழுவுக்கு ‘ஷெவெட்’ என்று பெயர், ‘கோத்திரம்’ என்று பொருள். கழுத்துத் துணியை ‘அனிவா’ என்பார்கள். அமெரிக்காவில் குடியேறிய இஸ்ரேலியக் குடும்பங்கள் ஹீப்ரு பேசும் இந்தக் கோத்திரங்களை இங்கேயும் நடத்துகின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளை காக்கிச் சட்டையோடு போவதைப் பார்த்து அதே குழு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1895இல் தொடங்கிய யூதச் சிறுவர் படைப்பிரிவோ, சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் 1907இல் பிரௌன்சீ தீவில் முதல் முகாம் போடுவதற்குப் பன்னிரண்டு வருடம் மூத்தது. அதை நிறுவிய கர்னல் ஆல்பர்ட் கோல்ட்ஸ்மிட் நம் பூனாவில் பிறந்தவர்.

குழுத் தலைவரிடம் முதல் நாளே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: “உங்கள் குழு ஷபாத்தை எப்படிக் கடைப்பிடிக்கிறது?” ஷபாத் என்றால் வெள்ளி மாலை சூரியன் மறைவது முதல் சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரியும் வரைக்குமான ஓய்வு நாள். ‘ஷோமெர் ஷபாத்’ என்று சொன்னால் முழுமையாகக் கடைப்பிடிக்கும் குழு. இன்னும் சில குழுக்களில் வெள்ளி இரவு பிரார்த்தனையும் விருந்தும் இருக்கும், சனிக்கிழமை வழக்கம்போல மலையேறப் போவார்கள். வேறு சில குழுக்கள் ஞாயிறு மட்டும் வெளியே போகும். மூன்றிலும் நல்ல குழுக்கள் உண்டு. எது என்று தெரியாமல் போய் நிற்பதுதான் சங்கடம்.

பாதுகாப்பைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள். அமெரிக்கச் சாரணர் இயக்கம் 2020இல் திவால் மனு போட்டது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 80,000க்கும் மேற்பட்டோர் முன்வந்து முறையிட்டார்கள். இது எந்தப் பெற்றோரும் தாண்டிப் போகக்கூடாத செய்தி. இப்போதைய விதி, எந்த நிகழ்ச்சியிலும் 21 வயது தாண்டிய, பதிவு செய்த, பயிற்சி பெற்ற பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. மதம் சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கும் இதே விதிதான். பிரார்த்தனை வகுப்பு என்பதற்காக எந்தத் தளர்வும் கிடையாது.

பிரான்ஸில் நடந்தது

வழிகாட்டிக் கட்டுரையில் வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் முடிச்சும் திசைகாட்டியும் அந்தச் சமூகத்துக்கு என்ன என்று எனக்கு விளங்கியது.

1923இல் பாரிஸில் ரொபேர் காம்சோன் என்ற 17 வயதுப் பையன் பிரெஞ்சு யூதச் சாரணர் இயக்கத்தைத் தொடங்கினான். 1939இல் இரண்டாம் உலகப் போர் வந்தது. அந்த வருடக் கடைசியில் தெற்கே மொய்சாக் என்ற சிற்றூரில் சாரணர்கள் ஒரு பிள்ளைகள் இல்லம் திறந்தார்கள். ஷாட்டா, பூலி சிமோன் தம்பதி அதை நடத்தினார்கள். பெற்றோரைப் பிரிந்த சுமார் 500 பிள்ளைகள் அந்த வீட்டின் வழியாகப் போயிருக்கிறார்கள். லோத்ரெக்கில் ஒரு பண்ணை, அங்கே நகரத்து இளைஞர்கள் உழவு கற்றார்கள்.

யூதர்களைப் பிடித்து நாஜி வதைமுகாம்களுக்கு ரயிலேற்றத் தொடங்கியதும் சாரணர்கள் ஒரு ரகசிய வலையமைப்பைக் கட்டினார்கள். அதற்கு ‘ஆறாவது’ என்று பெயர். போலி அடையாள அட்டை தயாரிப்பது, பிள்ளைகளை விவசாயக் குடும்பங்களிலும் கன்னியர் மடங்களிலும் மறைத்து வைப்பது, எல்லை தாண்டி ஸ்விட்சர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் கூட்டிப்போவது. செய்தவர்களில் பலர் இருபது வயதை ஒட்டியவர்கள். இரவில் சத்தமில்லாமல் நடக்கவும், வரைபடம் படிக்கவும், பயந்த பிள்ளைகளைப் பாட்டுப் பாடி அமைதிப்படுத்தவும் அவர்களுக்கு முகாமில் பழக்கமாகியிருந்தது. 1944இல் காம்சோனே ஒரு கொரில்லாப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார்; அது காஸ்த்ர், மசாமே ஊர்களின் விடுதலையில் பங்கெடுத்தது.

அந்த இயக்கம் இன்றும் இயங்குகிறது. அதில் ‘குறைந்தபட்சப் பொது நடைமுறை’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. அவரவர் வீட்டில் எப்படி இருந்தாலும், முகாமில் எல்லோரும் கோஷர் (யூத உணவு விதிப்படியான) சாப்பாடும் ஷபாத்தும் கடைப்பிடிப்பார்கள். மிகவும் கண்டிப்பான வீட்டுப் பிள்ளையும், ஜெப ஆலயப் பக்கமே போகாத வீட்டுப் பிள்ளையும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பதற்காக. நீங்கள் சேரும் குழுவிலும் இந்த மனநிலையைப் பார்ப்பீர்கள். “என் மகன் வீட்டில் சனிக்கிழமை டிவி பார்ப்பான், அவனுக்கு எதற்கு இதெல்லாம்?” என்று ஒரு யூதத் தந்தையே கேட்கலாம். பதில் இதுதான்: பக்கத்தில் இருக்கும் பையனுக்காக.

வருட நாட்காட்டியைக் கையில் எடுங்கள்

யூதப் பண்டிகைகள் சந்திரனை ஒட்டியவை. நம் தீபாவளி போல ஆங்கிலத் தேதி மாறிக்கொண்டே இருக்கும். ஆகஸ்டில் வருடத் திட்டம் போடும்போதே யூத நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். செப்டம்பர், அக்டோபரில் புத்தாண்டு, யோம் கிப்பூர் நோன்பு, சுக்கோத் என்று வரிசையாக வரும். அந்த மாதத்தில் முகாம் போடாதீர்கள்.

ஆனால் சுக்கோத் சாரணருக்கென்றே வந்த பண்டிகை. ‘சுக்கா’ என்ற தற்காலிகக் குடில் கட்டி ஒரு வாரம் அதில் சாப்பிட வேண்டும். கூரைக்கு வெட்டியெடுத்த இலை தழைதான் போட வேண்டும், உள்ளே வெயிலைவிட நிழல் அதிகமாக இருக்க வேண்டும், இரவில் நட்சத்திரமும் தெரிய வேண்டும். கீற்றுப் பந்தல் பார்த்து வளர்ந்த நமக்கு உடனே புரிந்துவிடும். எங்கள் பிள்ளைகள் கம்புகளைக் கயிற்றால் கட்டி, ஆணி அடிக்காமல், தனியாக வாழும் முதியவர்களின் வீட்டு முற்றத்தில் குடில் எழுப்பிக் கொடுப்பார்கள். கட்டுப்போடும் பாடமும் சேவை செய்த மணிநேரமும் ஒரே நாளில் கணக்காகும்.

கோடை முகாமில் கவனிக்க வேண்டியது ‘ஒன்பது நாட்கள்’. எருசலேம் ஆலயம் இடிந்ததை நினைத்துத் துக்கம் காக்கும் காலம்; ஜூலை அல்லது ஆகஸ்டில் வரும். பலர் அந்த நாட்களில் ஷபாத் தவிர இறைச்சி சாப்பிட மாட்டார்கள், பொழுதுபோக்குக்காக நீந்த மாட்டார்கள். கடைசி நாள் முழு நோன்பு, தண்ணீர்கூட இல்லாமல். அந்த வாரத்தில் நீச்சல் பாடத்தைப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் கரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க நேர்ந்தால் அது திட்டம் போட்டவரின் தவறு.

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் பிறந்தநாள் பிப்ரவரி 8. அதை ஒட்டிய ஷபாத்தில் சீருடையோடு ஜெப ஆலயத்துக்குப் போகும் வழக்கம் உண்டு. உங்களையும் அழைப்பார்கள். தலையை மூடும் சிறு தொப்பி வாசலிலேயே இருக்கும், ஆண்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கைபேசியை வெளியே எடுக்காதீர்கள், படம் பிடிக்காதீர்கள்.

யூதப் பிள்ளைகளுக்கென்று வயதுக்கேற்ற சமயச் சின்னங்களும் உண்டு. சிறிய வகுப்புக் குருளையருக்கு (சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவினருக்கு) மக்கபி, அதற்கு மேல் ஆலெஃப்; பிறகு நேர் தமீத், உயர்நிலைப் பள்ளியில் எத்ஸ் ஹயீம். ஆலெஃப் ஹீப்ருவின் முதல் எழுத்து. நேர் தமீத், ஜெப ஆலயத்தில் அணையாமல் எரியும் விளக்கு. எத்ஸ் ஹயீம், வாழ்வின் மரம். இவற்றுக்கான பாடத்தை யூத மதகுருவான ராபியோ பயிற்சி பெற்ற ஒருவரோ நடத்துவார். பதின்மூன்று வயதில் பார் மித்ஸ்வா என்ற சமயச் சடங்கு முடிந்ததும் ஜெப ஆலயத்துப் பக்கம் வருவதை நிறுத்திவிடும் பிள்ளைகளை அடுத்த நான்கைந்து வருடம் பிடித்து வைத்திருப்பதில் இந்தச் சின்னங்களுக்குப் பங்கு இருக்கிறது என்பது நான் நேரில் கண்டது.

சமையல்கட்டு

எங்களோடு சேர்ந்த ஒரு தமிழ்த் தாய் முதல் முகாமுக்கு முன்னால் கேட்டார்: “அண்ணா, பெரிய டப்பாவில சாம்பார் சாதம் பண்ணிக் கொண்டாரேன். சுத்த சைவம்தானே, சாப்பிடுவாங்கல்ல?” ஆசையாகக் கேட்டதை மறுக்க மனம் வரவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். சைவம் என்பது பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கிறது. சமைத்த பாத்திரம் கோஷராக இருக்க வேண்டும். பொடிகளுக்குச் சான்று வேண்டும். கொத்தமல்லி, கீரை, முட்டைக்கோசு போன்றவற்றில் பூச்சி இல்லை என்று ஒவ்வொரு இலையாகப் பார்த்திருக்க வேண்டும். அவர் அந்த முறை முழுத் தர்பூசணியும் ஆரஞ்சும் கொண்டு வந்தார். வெட்டாத பழம் எப்போதும் பிரச்சினையில்லாதது. வெட்டும் கத்தி குழுவுடைய கத்தியாக இருக்கட்டும்.

அடிப்படையை மட்டும் சொல்கிறேன். பன்றியும் இறால், நண்டு வகைகளும் கூடாது. மீனுக்குச் செதிலும் துடுப்பும் இருக்க வேண்டும். இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சேரக்கூடாது, ஒரே பாத்திரத்திலும் கூடாது. இறைச்சி சாப்பிட்டபின் பால் பொருள் சாப்பிடப் பலர் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள்; சில குடும்ப வழக்கத்தில் மூன்று, சிலருக்கு ஒன்று. பொட்டலத்தில் வட்டத்துக்குள் ‘யு’ எழுத்து இருந்தால் சான்று பெற்றது, பக்கத்தில் ‘டி’ இருந்தால் பால் வகை. இரண்டிலும் சேராததை ‘பார்வே’ என்பார்கள். முகாமுக்கு முடிந்தவரை பார்வே பொருளாக வாங்குங்கள், பாதித் தலைவலி போய்விடும்.

பாத்திரங்களுக்கு இரண்டு பெட்டி. எங்கள் குழுவில் இறைச்சிப் பெட்டிக்குச் சிவப்பு டேப், பால் பெட்டிக்கு நீல டேப். கரண்டிக் காம்பில்கூடச் சுற்றியிருக்கும். இன்னொரு குழுவிடம் இரவல் வாங்கிய இரும்புச் சட்டி, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் உதவாது. முகாம் இடத்தில் இருக்கும் பொதுக் கம்பி வலையின் மேல் எதையும் நேரே சுடக்கூடாது. அலுமினியத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி வையுங்கள்.

மார்ஷ்மெல்லோ சுடுவது அமெரிக்க முகாமின் உயிர். சாதாரண மார்ஷ்மெல்லோவில் இருக்கும் ஜெலட்டின் பெரும்பாலும் பன்றியிலிருந்து வருவது. மீன் ஜெலட்டினில் செய்த கோஷர் வகை தனியாகக் கிடைக்கும், எல்லாக் கடையிலும் இருக்காது, முன்கூட்டியே வாங்குங்கள். அதை பிஸ்கட்டுக்கு நடுவில் சாக்லேட்டோடு வைத்துத் தின்பார்கள். இரவுச் சாப்பாடு கோழி என்றால் பால் சாக்லேட் கூடாது, பால் சேராத கறுப்புச் சாக்லேட் வேண்டும். கடையில் நிற்கும்போது அன்றைய இரவுச் சமையல் என்ன என்று ஞாபகம் வையுங்கள்.

நம்மைப் போன்ற யூதரல்லாத தன்னார்வலர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: சமைக்க உதவலாம், ஆனால் அடுப்பைப் பற்றவைப்பது ஒரு யூதராக இருக்கட்டும். கண்டிப்பான குடும்பங்களுக்கு இது முக்கியம். சில குடும்பங்களில் பற்றவைப்பதோடு நில்லாமல் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதும் யூதராக இருக்க வேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள். இதை அவமதிப்பாக நினைக்க வேண்டாம். தீக்குச்சியை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், எவ்வளவு பெருமையோடு வாங்கிக்கொள்வான் என்று தெரியும்.

வியாழன் இரவும் வெள்ளி பகலும்

ஷபாத்தில் விலக்கப்பட்ட வேலைகள் 39 வகை. நெருப்பு மூட்டுவது, அணைப்பது, சமைப்பது, எழுதுவது, கிழிப்பது, கட்டடம் எழுப்புவது என்று போகும் அந்தப் பட்டியலில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதும் உண்டு. சாரணருக்கு முடிச்சுதான் அரிச்சுவடி. எனவே எங்கள் குழுவில் முகாமுக்கு முந்தைய கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ராபி மிஷ்னாவைத் திறந்து வைத்துக்கொள்வார். ஏறக்குறைய 1800 வருடத்துக்கு முன் தொகுத்த சட்டநூல். அதில் கூடாத முடிச்சு எது என்ற கேள்விக்கு ஒட்டகக்காரர் முடிச்சு, மாலுமி முடிச்சு என்று பதில் இருக்கும். ராபி மெய்ர் என்பவரோ, ஒரே கையால் அவிழ்க்க முடிந்த முடிச்சுக்குக் குற்றமில்லை என்கிறார். அவ்வளவுதான், பிள்ளைகள் கயிறை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவன் போட, மற்றவன் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவிழ்க்கப் பார்ப்பான். ஷூ லேஸின் கண்ணிமுடிச்சு ஒரு இழுப்பில் வந்துவிடும். பவ்லைன் முடிச்சு கொஞ்சம் மல்லுக்கட்டும். நனைந்த கயிற்றில் போட்ட ரீஃப் முடிச்சு அசையாது. என் மகன் அன்று முடிச்சுகளைப் பற்றிக் கற்றதை நான் வேறெங்கும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை முகாமிடத்தை அடைந்ததும் முதலில் கூடாரம். ஷபாத்தில் கூடாரம் அடிப்பதும் பிரிப்பதும் கூடாது என்பதால், மழை வந்தாலும் தாங்கும்படி இழுத்துக் கட்டுங்கள். மறுநாள் சரி செய்துகொள்ளலாம் என்ற பேச்சே இல்லை.

அடுத்து ‘எருவ்’. ஷபாத்தில் பொதுவெளியில் பொருளைத் தூக்கிப் போகக்கூடாது. தண்ணீர்க் குப்பியும் பொருள்தான். முகாமைச் சுற்றி ஓர் எல்லை அமைத்து, அதை ஒரே வீடு போல ஆக்கினால் உள்ளே தூக்கலாம். கம்புகளை நட்டு, உச்சியில் கயிறு ஓடவிட்டு, வாசல் நிலைகளின் வரிசை போலச் செய்வார்கள். இங்கேதான் புதியவர்கள் தவறுவார்கள். கயிறு கம்பின் உச்சி மேல் போக வேண்டும், பக்கவாட்டில் கட்டினால் செல்லாது. நிலையின் மேல்கட்டை நிலைக்கால்களின் மேல்தானே உட்காரும், அந்தக் கணக்கு. கம்பு சாயாமல் இருக்கப் பிள்ளைகள் முளை அடித்து இழுகயிறு கட்டுவார்கள். முடித்ததும் விஷயம் தெரிந்த ஒருவர் முழுச் சுற்றும் நடந்து பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் அறுந்தாலும் முழுதும் போயிற்று.

பிறகு சின்னச் சின்ன வேலைகள், மறந்தால் 25 மணி நேரம் உறுத்துபவை. பொட்டலங்களை எல்லாம் முன்கூட்டியே கிழித்துத் திறந்து வையுங்கள். கழிவறைத் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்தோ, டிஷ்யூப் பெட்டியாகவோ வையுங்கள். சாப்பிடும் இடத்திலும் கழிவறைப் பாதையிலும் இரவு முழுக்க எரியும் விளக்கை ஏற்றிவிட்டுக் கை எடுத்துவிடுங்கள். குடைக்குப் பதில் மழைக்கோட்டு. சனிக்கிழமை மதியத்துக்கான ‘சோலெண்ட்’, அதாவது பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி சேர்த்த கெட்டிக் குழம்பு, வெள்ளி பகலிலேயே வெந்திருக்க வேண்டும். கேஸ் அடுப்பின் மேல் தகடு போட்டு மெல்லிய தீயில் விடிய விடிய வைப்பார்கள். காற்றுக்கு மறைப்பும் ஒரு பெரியவர் காவலும் வேண்டும். அந்த இடத்தின் தீ விதி அனுமதிக்காவிட்டால் ஆறிய சாப்பாடே போதும்.

வெள்ளி இரவுக்கு விறகு நெருப்பு வேண்டாம். மூட்டினால் அதில் கட்டை சேர்க்கவும் முடியாது, கிளறவும் முடியாது, ஆபத்து வந்தாலொழிய அணைக்கவும் முடியாது.

ஷபாத்துக்குள்

என் முதல் முகாமின் வெள்ளி இரவு. சாப்பாட்டு மேசையில் விளக்கு மின்கலம் தீர்ந்து அணைந்துவிட்டது. பிள்ளைகள் இருட்டில் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் யூதன் இல்லையே, எனக்குத் தடை இல்லையே என்று ஓடிப்போய் இன்னொரு விளக்கைப் பொருத்தி அவர்கள் நடுவில் வைத்தேன். பாட்டு நின்றது. நான்கு பிள்ளைகள் சத்தம் போடாமல் எழுந்து, வெளிச்சம் எட்டாத பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. குழுத் தலைவர் பக்கத்தில் வந்து பொறுமையாகச் சொன்னார். யூதருக்காக வேறொருவர் ஷபாத்தில் ஏற்றிய விளக்கின் வெளிச்சத்தை அவர்கள் பயன்படுத்தக்கூடாது. உங்களுக்காக நீங்கள் ஏற்றிக்கொண்டால் அது வேறு. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: உதவி செய்யும் முன் கேட்பேன், அதுவும் வெள்ளி மாலைக்கு முன்பே கேட்பேன்.

ஆனால் இதற்கு மேலான விதி ஒன்று உண்டு, அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஷபாத் விதிகள் எல்லாம் விலகி நிற்கும். ‘பிக்குவாக் நெஃபெஷ்’ என்பார்கள். ஒவ்வாமையால் மூச்சுத் திணறல், பாம்புக் கடி, தலையில் அடி, காணாமல் போன பிள்ளை: போனை எடுங்கள், காரை ஓட்டுங்கள், விளக்கைப் போடுங்கள். கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். கண்டிப்பான யூதரும் இதையேதான் செய்வார். எனவே பொறுப்பாளர் போன் சார்ஜோடு தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

சனிக்கிழமை நேரம் எப்படிப் போகும் என்று பலர் கவலைப்படுகிறார்கள். காலைப் பிரார்த்தனை நீளமானது. பதின்மூன்று வயது தாண்டிய பத்துப் பேர் சேர்ந்தால்தான் சில பகுதிகளை ஓத முடியும். மரபுவழிக் குழுக்களில் ஆண்களை மட்டும் எண்ணுவார்கள். பத்தாவது ஆளுக்காகத் தூங்கும் பையனைப் போய் எழுப்பும் காட்சியை எல்லா முகாமிலும் பார்த்திருக்கிறேன். மெதுவாக எழுந்து வந்தாலும், தான் இல்லாமல் அது நடக்காது என்று தெரிந்த பையன் நிமிர்ந்து நிற்பான்.

மதியம் நடக்கலாம், முகாம் எல்லையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரை. அதற்கு மேல் கூடாது. எருவுக்கு வெளியே போகும்போது பையில் எதுவும் எடுக்க மாட்டார்கள். தடம் பார்ப்பது, பறவைக் குரலை அடையாளம் காண்பது, மரத்தைத் தொட்டுப் பெயர் சொல்வது எல்லாம் செய்யலாம். இலை பறிக்கவோ குறிப்பு எழுதவோ கூடாது. எழுத முடியாததால் பிள்ளைகள் பார்த்ததை மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். இருட்டிய பிறகு ஒருவருக்கொருவர் ஒப்பித்துச் சரிபார்ப்பார்கள், பதினேழு பறவையா பதினெட்டா என்று சண்டையே வரும். தகுதிச் சின்னத்துக்கான கையெழுத்தையும் அப்போதே வாங்கிக்கொள்ளலாம்.

மூன்று நட்சத்திரம்

கோடையில் சனி இரவு ஒன்பது மணி தாண்டிவிடும். பொடிப் பிள்ளைகள் கழுத்தைத் தூக்கி வானத்தைப் பார்த்தபடியே இருப்பார்கள். மூன்றாவது நட்சத்திரத்தை முதலில் பார்த்தது யார் என்று போட்டி.

‘ஹவ்தாலா’ சடங்குக்கு வேண்டியவை: ஒரு கோப்பை திராட்சைச் சாறு, கிராம்பு அல்லது பட்டை நிறைந்த சிறு டப்பா, பல திரிகளைச் சடை போலப் பின்னிய மெழுகுவத்தி. வெள்ளிக்கிழமையே ஒரு பையில் போட்டு வையுங்கள், தீப்பெட்டி உட்பட. இருட்டில் தேட வைக்காதீர்கள். சாறுக்கு ஆசி, பிறகு மணப்பொருள் டப்பா கைமாறிக் கைமாறி எல்லோரிடமும் வரும். உங்களிடம் வந்தால் நீங்களும் முகர்ந்து பக்கத்தில் கொடுங்கள். மெழுகுவத்திச் சுடருக்கு நேரே விரல்களை மடக்கி நகத்தில் வெளிச்சம் படுவதைப் பார்ப்பார்கள். கடைசியில் சுடரைச் சாறில் அமுக்கி அணைப்பார்கள், சர்ரென்று ஒரு சத்தம்.

எங்கள் குழுவில் அணைப்பதற்கு முன் அந்தச் சுடரிலிருந்து ஒரு குச்சியைப் பற்றவைத்து, அடுக்கித் தயாராக இருக்கும் விறகில் வைப்பார்கள். விறகை வெள்ளி பகலிலேயே அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருப்போம். வாரம் முழுக்கக் காத்திருந்த நெருப்பு. கறுப்புச் சாக்லேட்டும் மீன் ஜெலட்டின் மார்ஷ்மெல்லோவும் அப்போதுதான் வெளியே வரும்.

ஞாயிறு காலை கூடாரத்தோடு எருவ் கயிற்றையும் பிரிக்க வேண்டும். சிக்கில்லாமல் எட்டு வடிவில் சுற்றி, கம்புகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்து, பையின் மேல் ஒட்டிய சீட்டில் அடுத்த முகாம் வெள்ளிக்கிழமையின் சூரிய மறைவு நேரத்தை எழுதி வையுங்கள்.